வெற்றுக்கோதுக் கணக்கு

ஐந்தாம் குறுக்குத் தெருவில் முர்தசா சேட்டின் கிட்டங்கி.
மைசூர்ப் பருப்பு, சீனி, கோதுமை மா.
மேலே இரும்பு உத்தரங்களில்
நூற்றுச் சொச்சம் புறாக்கள்.
எச்சம் விழுந்த மூடைகளைப்
பேக்கரிக்காரன் திருப்பி அனுப்பிய மாதம்
துவக்கு வந்தது.

இருபத்திரண்டு என்பார்கள்.
சுண்டுவிரல் நுழையாத குழல்.
அனுமதிப்பத்திரம் சேட்டின் பெயரில்,
இயக்குபவர் என்ற கோட்டின் மேல் என் பெயர்:
யோகசீலன்.
சார்ஜன்ட் ஹேரத் அதை இரண்டு தரம் வாசித்தார்.
பிறகு என்னை.
"எங்கே பழகினாய்?"
கார்னிவலில் பலூன் சுட்டு, என்றேன்.
உண்மைதான். ஒன்பது பலூனுக்கு
ஒரு பிளாஸ்டிக் வாளி தந்தார்கள்.
அவர் சிரிக்க எடுத்துக்கொண்ட நேரம்
இன்னும் என்னிடம் இருக்கிறது.

மாதம் ஐம்பது ரவை.
வெற்றுக்கோதுகளை ஜாம் போத்தலில் போட்டுக்
கொண்டுபோய்க் காட்டினால்தான் அடுத்த பெட்டி.

சின்னத் துவக்குக்குப் பெரிய சட்டங்கள்.
பறப்பதைச் சுடாதே, தவறிய ரவை ஒரு மைல் போகும்;
ஒரு மைலுக்குள் கோட்டை ஸ்டேஷன், ஜிந்துப்பிட்டி முருகன்,
நாலைந்து பள்ளிவாசல்.
தகரத்தைச் சுடாதே, மழை மாவில் இறங்கும்.
சீமெந்துத் தரையைச் சுடாதே, திரும்பி வரும்.
ஆக,
முதுகுக்குப் பின்னால் செங்கல் சுவர் இருக்கும்படி
உட்கார்ந்த புறாவுக்கு மட்டுமே
சாவு.

முதல் ஞாயிறு, முதல் வெடி.
காய்ந்த ஈர்க்கு முறிகிற சத்தம்தான்.
நாட்டாமி சன்னாசி தோள்மூடையோடு
தரையில் படுத்துவிட்டான்.
மூடை பிரிந்து சீனி சிந்திக்கொண்டே இருந்தது.
"புறாவுக்கு, அண்ணே."
"தெரியும்" என்றான்.
எழும்பவில்லை.

ஒரு வருடத்தில் குறி தப்பாதவனானேன்.
மூச்சைப் பாதி விட்டு
மீதியை வைத்துக்கொண்டு
நெஞ்சின் இரண்டு துடிப்புக்கு நடுவே
விரலுக்கே தெரியாமல் விரலை மடக்குவேன்.
ஈரத்துணிபோல் விழும்.
அதில் எனக்கொரு சுகம் இருந்தது,
வீட்டில் சொன்னதில்லை.

அந்தச் செப்டம்பரில்
கற்பிட்டி வெங்காய லொறியிலிருந்து
கிளீனர் பொடியனின் கூடை அவிழ்ந்து
இறங்கியது ஒரு கவுதாரி.
உத்தரத்தில் ஏற மனமில்லாத பறவை.
தொண்டையைச் சுற்றிக் கறுப்பு நூல், நெஞ்சில் பொடிக்கோடு.
மூடைச் சந்துகளுக்குள்
சரக்குச் சரிபார்க்கிற கணக்கப்பிள்ளைபோல் நடந்தது.

"புறாவை நாய் தின்னும்" என்றார் சேட்.
"இது சூப்."

மூன்று ஞாயிறு பின்தொடர்ந்தேன்.
குறிமுள்ளில் அதன் தலை வந்தபோதெல்லாம்
பின்னால் ஏதாவது இருந்தது.
சீனி மூடை; ஓட்டை ஒன்றுக்குச்
சம்பளத்தில் நானூறு ரூபாய்.
பிறகு தேங்காயெண்ணெய்ப் பீப்பாய்.
மூன்றாம் ஞாயிறு தெளிவாகக் கிடைத்தது.
தலை அசையவில்லை.
அரை அடி தள்ளி, சாக்குக் குவியலுக்கு வெளியே,
ஒரு கால் பெருவிரல்.
சன்னாசி தூங்கிக்கொண்டிருந்தான்.

பாதி மூச்சு விட்டிருந்தேன்.
மீதியையும் விட்டேன்.

திங்கள் விடியற்காலை, ஷட்டர் தூக்குமுன்னே
உள்ளிருந்து கதித்தர் கதித்தர் என்று
யாரையோ சண்டைக்கு இழுத்தது.
வடை வண்டிக்காரன் நின்று கேட்டான்.
ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு மட்டும் தூக்கி
ஒதுங்கி நின்றேன்.
அது தெருவை எட்டிப் பார்த்தது,
திரீவீலர், சாக்கடை, சிவப்பு பஸ்.
பருப்புப் பக்கமே திரும்பி நடந்தது.

மாதக் கடைசி.
ஹேரத் போத்தலைக் கவிழ்த்து எண்ணினார்.
நாற்பத்தொன்பது.
"ஒன்று எங்கே?"
சட்டைப் பையிலிருந்து சுடாத ரவையை எடுத்து
மேசையில் நிமிர்த்தி வைத்தேன்.
"ஏன்?"
பின்னால் ஆள் இருந்தது, என்றேன்.

மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.
அவர் கட்டத்துக்குள் ஏதோ எழுதினார், சிங்களத்தில்,
ஓர் இலக்கத்துக்கு அது நீளம்.
அடுத்த பெட்டியை
என் பக்கம் தள்ளினார்.